யாருக்கு அவசரம், யாருக்குத் தாமதம்?

மல்லாங்கிணற்றில் எங்கள் தெருவில் இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் முதுகெலும்பு தொடர்பாக இரண்டு துயரங்கள் நேர்ந்தன. இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவன் நான். நான் மருத்துவன் அல்லன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். ஆனாலும், இவற்றை எங்கள் தெருவின் கதையாக மட்டும் விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

முதலாவது, என் சித்தி மகளுக்கு நேர்ந்தது. அவருக்கு வயது 46. பதினெட்டு ஆண்டுகளாகச் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய்வருகிறார். காலையில் ஆலை வேன் வந்து அழைத்துச் செல்லும். தரையில் அமர்ந்து, குனிந்தபடியே சரவெடி பின்னுவது அவருடைய வேலை. பின்னும் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் இடையில் எழுந்து நடப்பது என்பது காசை இழப்பது. தீபாவளி நெருங்கும் மாதம் ஒன்றில், இடுப்பில் தொடங்கிய வலி வலது கால் பெருவிரல்வரை மின்சாரம்போல் இறங்கியது. மூன்றாவது வாரம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றார். அன்றே எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப்பட்டது. "இரண்டு இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, உடனே அறுவை செய்து கம்பியும் திருகும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் போய்விடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்ட தொகை, வீட்டிலிருந்த நகை முழுவதையும் அடகு வைத்தாலும் தேறாத தொகை.

அன்றிரவு அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, ஆபரேசன் பண்ணுனா எந்திரிச்சு நடப்பேனா, இல்ல படுத்த படுக்கையா ஆயிருவேனா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் அவரை ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த எலும்பு மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்ப்பதற்கு முன் நோயாளியைப் பார்த்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார். முன்னங்காலால் நடக்கச் சொன்னார். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்று கேட்டார். "கால் பலம் குறையவில்லை. ஆறு வாரம் மாத்திரையும் பயிற்சியுமாகப் பார்ப்போம். பலம் குறைந்தாலோ சிறுநீர் நின்றாலோ அன்றே வந்துவிட வேண்டும்" என்றார். மூன்றாம் மாதம் தங்கை வேலைக்குத் திரும்பிவிட்டார். வலி முற்றிலும் போகவில்லை. ஆனால் வாழ்க்கை நின்றுவிடவுமில்லை.

இரண்டாவது, நான்கு வீடு தள்ளி வசிக்கும் கிணறு வெட்டும் தொழிலாளிக்கு நேர்ந்தது. வயது 52. கல் தூக்கும்போது இடுப்பில் 'சுளீர்' என்றது. இரண்டு நாளில் இருக்கும் இடம் மரத்துப்போனது, சிறுநீர் பிரியவில்லை. உடம்புச் சூடு என்று நினைத்து இளநீரும் வெந்தயமும் கொடுத்தார்கள். எண்ணெய் தேய்த்தார்கள். கால் வழியே பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கையில், அப்படிப் பிறந்த ஒருவரைக் கூட்டிவந்து மிதிக்கவும் செய்தார்கள். ஆறாம் நாள்தான் மருத்துவமனையை எட்டினார். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே நடந்தது. ஊன்றுகோலுடன் நடக்கிறார். ஆனால் சிறுநீர் இன்றுவரை குழாய் வழியேதான்.

அறுவை தேவைப்படாதவருக்கு அவசரம் காட்டப்பட்டது. ஒரு மணி நேரமும் வீணாகாமல் அறுவை தேவைப்பட்டவருக்கு ஆறு நாள் தாமதமானது. முதுகெலும்பு மருத்துவத்தில் நம்முடைய இன்றைய சிக்கலே இதுதான். கத்தி கூடாது என்பதோ, கத்தியே தீர்வு என்பதோ அல்ல கேள்வி. யாருக்கு, எப்போது என்று பிரித்தறியும் ஏற்பாடு கிராமத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி.

முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். அந்த வட்டின் உட்கூழ் வெளியே பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வலி வரும் என்பதை 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் விளக்கி எழுதினர். அறுவை செய்து அழுத்தத்தை நீக்கினால் வலி தீரும் என்பதையும் அவர்கள் காட்டினர். அது பெரிய கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் நிழலாக, 'வட்டு பிதுங்கினால் வலி. வலித்தால் அறுவை' என்ற எளிய சூத்திரம் ஒன்றும் பரவிவிட்டது.

அந்தச் சூத்திரத்தை அசைத்ததும் ஆராய்ச்சிதான். எம்ஆர்ஐ கருவி வந்த பிறகு, முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் வெளியான ஆய்வில், வலியில்லாத 67 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க மாற்றங்கள் தென்பட்டன. 1994-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வலியில்லாத 98 பேரில் 52 சதவீதத்தினருக்கு ஓரிடத்திலாவது வட்டு பிதுங்கியிருந்தது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோது, வலியே இல்லாத 40 வயதினரில் பாதிப் பேருக்கு வட்டுப் பிதுக்கம் இருப்பது தெரிந்தது. நரை எப்படித் தோலின் வயதைச் சொல்கிறதோ, அதுபோலப் பல நேரங்களில் ஸ்கேன் படம் முதுகின் வயதைச் சொல்கிறது. நோயைச் சொல்ல, படத்தோடு நோயாளியின் உடலையும் பரிசோதித்தாக வேண்டும்.

சரி, நரம்பு உண்மையிலேயே அழுந்திக் கால்வலி கடுமையாக இருந்தால்? 2007-இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்த ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை. மறு பிரிவினருக்குக் காத்திருந்து பார்க்கும் சிகிச்சை, தேவைப்பட்டால் பிறகு அறுவை. உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் நலமடைந்திருந்தனர். காத்திருந்த பிரிவில் 39 சதவீதத்தினர் மட்டுமே அந்த ஓராண்டுக்குள் அறுவைக்குச் செல்ல நேர்ந்தது.

இதை இரு பக்கமும் நேர்மையாகப் படிக்க வேண்டும். காத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தியே தேவைப்படவில்லை என்பது ஒரு பக்கம். தாங்க முடியாத வலியில் இருப்பவருக்கு அறுவை விரைவான நிவாரணம் தருகிறது என்பது மறுபக்கம். ஆகவே, நரம்புப் பாதிப்பு முற்றாதவரை, முடிவு நோயாளியின் கையில் இருக்கிறது. அந்த முடிவை எடுக்க அவருக்கு உண்மை சொல்லப்பட வேண்டும். 'கால் போய்விடும்' என்ற அச்சுறுத்தல் உண்மை ஆகாது.

கம்பியும் திருகும் வைத்து முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவைக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. எலும்பு முறிவு, கட்டி, முதுகெலும்பு வளைவு, நிலைகுலைவு ஆகியவற்றில் அது உயிர்காக்கும் முறை; கைகால்களைக் காக்கும் முறை. ஆனால் வெறும் நாள்பட்ட இடுப்புவலிக்கு அதைச் செய்யலாமா? பிரிட்டனில் 349 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், தீவிரப் பயிற்சியும் மறுவாழ்வுச் சிகிச்சையும் பெற்றவர்களைவிட இணைப்பு அறுவை செய்துகொண்டவர்கள் மேம்பட்ட பலன் பெற்றார்கள் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

ஆனால், காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து குதிரைவால்போல் இறங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக அழுந்தும்போது, இருக்கும் இடம் மரத்துப்போகும். சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழக்கும். கால்கள் சோர்ந்து விழும். இது அரிதான நிலைதான். ஆனால் மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். எங்கள் தெருக்காரர் இழந்தது இந்த மணிநேரங்களைத்தான். 'முதுகு வலியோடு சிறுநீர் நின்றால் அது சூடு அல்ல' என்ற ஒரே ஒரு வாக்கியம் அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தால், அவர் வாழ்க்கை வேறாக இருந்திருக்கக்கூடும்.

யாருக்கு அறுவை, யாருக்கு வேண்டாம் என்று பிரித்தறியும் அறிவில் தமிழகம் பின்தங்கிய மாநிலம் அன்று. உலகுக்கே வழிகாட்டிய மாநிலம். எலும்புக் காசநோயில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பைத்தான் தாக்குகிறது. மருந்துகள் வந்த பிறகும், நோயுற்ற எலும்பை அறுத்து அகற்றும் பெரிய அறுவையே சிறந்தது என்று ஒரு சாரார் கருதினர். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம், படுக்கையில் கிடத்தாமல் நடமாடவிட்டே மாத்திரை கொடுப்பதையும், அந்தப் பெரிய அறுவையையும் ஒப்பிட்டது. நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 1999-இல் வெளியான முடிவின்படி, மாத்திரை மட்டும் பெற்ற பிரிவினரில் 94 முதல் 99 சதவீதத்தினரும், அறுவைப் பிரிவினரில் 90 சதவீதத்தினரும் நல்ல நிலையில் இருந்தனர்.

அதே ஆய்வு ஒரு விதிவிலக்கையும் சொன்னது. 15 வயதுக்குட்பட்டு, தொடக்கத்திலேயே கூன் அதிகமாக உள்ள குழந்தைகளை வளர்ச்சி நிற்கும்வரை கண்காணிக்க வேண்டும் என்றது. எந்தக் குழந்தைக்குக் கூன் பிற்காலத்தில் முற்றும் என்பதை முன்கூட்டியே காட்டும் எக்ஸ்ரே அடையாளங்களை, கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2001-இல் வெளியிட்டார். பெரும்பாலோருக்கு மாத்திரை போதும். இன்ன அடையாளமுள்ள சிலருக்கு அறுவை வேண்டும் என்ற இந்தத் தெளிவைத்தான் நான் பிரித்தறிதல் என்கிறேன்.

ராஜசேகரன் குழுவினரின் மற்றோர் ஆய்வும் இங்கே நினைக்கத்தக்கது. வட்டுக்கு நேரடி ரத்த ஓட்டம் இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்பின் மெல்லிய தகட்டின் வழியே கசிந்து வரும் சத்துதான் அதற்கு உணவு. ஒரு சாயத்தைச் செலுத்தி, 24 மணி நேரம்வரை அடுத்தடுத்து எம்ஆர்ஐ எடுத்து, அந்தக் கசிவு உயிருள்ள மனிதரில் எப்படி நடக்கிறது என்பதையும், தகடு சிதைந்தால் அது எப்படி மாறுகிறது என்பதையும் அவர்கள் காட்டினர். 2004-இல் வெளியான இந்த ஆய்வு சர்வதேசப் பரிசு பெற்றது. மல்லாங்கிணற்றிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உலகத் தரமான முதுகெலும்பு ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சிகளின் சாரம், ஆலை வேனில் ஏறும் பெண்ணின் காதுக்கு எட்டவில்லை.

இடைவெளி நம்மிடம் மட்டும் இல்லை. 2020-இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியுடன் வாழ்ந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், நாள்பட்ட இடுப்புவலிக்கு அறுவையல்லாத சிகிச்சை குறித்த வழிகாட்டுதலை முதன்முறையாக வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் அளிப்பதையும், உடற்பயிற்சியையும், சில உடல்வழிச் சிகிச்சைகளையும், உளவியல் துணையையும் அது பரிந்துரைக்கிறது. நம் ஊர்களில் வழக்கமாக எழுதித்தரப்படும் இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது.

நம் பொது மருத்துவக் கட்டமைப்பு இதற்கு ஏற்ப இருக்கிறதா? குறை மட்டும் சொல்வது நியாயமாகாது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பளிக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இவை எளிய சாதனைகள் அல்ல.

ஆயினும் காப்பீடு என்பது இயல்பாகவே படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டது. கத்தி எடுத்தால் அதற்குப் பணம் வழங்க வழி இருக்கிறது. கத்தி வேண்டாம் என்று ஆறு வாரம் பயிற்சி சொல்லித்தரும் உழைப்புக்கு அப்படி எளிய வழி இல்லை. பணம் எந்தப் பக்கம் பாய்கிறதோ அந்தப் பக்கம் சிகிச்சையும் சாயும். இதற்குத் தனிமனிதர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. வாய்க்காலைத்தான் திருப்ப வேண்டும்.

என் பார்வையில் உடனே செய்யக்கூடியவை நான்கு.

முதலாவதாக, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அபாய அறிகுறிகளின் பட்டியல் சுவரில் தொங்க வேண்டும். சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு இழத்தல், இருக்கும் இடம் மரத்தல், கால் பலம் குறைதல், காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகுவலி, விழுந்த பின் தோன்றும் வலி, புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதமின்றி மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இவை எதுவும் இல்லாதவருக்கு முதல் சில வாரங்களில் ஸ்கேன் தேவையில்லை என்பதையும் அதே பட்டியல் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, அவசரமற்ற முதுகெலும்பு அறுவைக்கு முன் இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறுவது வழக்கமாக வேண்டும். காப்பீட்டில் பயிற்சிச் சிகிச்சைக்கும் ஒரு தொகுப்பு ஒதுக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, இயன்முறை சிகிச்சையாளர் ஆலைக்கே வர வேண்டும். முன்னோக்கிக் குனிந்து அமரும்போது வட்டின் மீதான அழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிட அதிகம் என்பதை ஸ்வீடனின் நாக்கெம்சன் 1960-களிலேயே அளந்து காட்டினார். வட்டுத் தேய்மானத்தில் மரபுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை ஃபின்லாந்து இரட்டையர் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே எல்லாப் பழியையும் ஆலையின் மேல் போட முடியாது. ஆனால், காரணம் எதுவானாலும் வலியோடு எட்டு மணி நேரம் குனிந்திருப்பவரின் துன்பத்தை ஆலை குறைக்க முடியும். மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்கும் இடைவேளை, அதற்குக் கூலிப் பிடித்தம் இன்மை, ஒரே வேலையில் நாள் முழுவதும் இருத்தாமல் மாற்றித் தருதல் ஆகியவை வெடிமருந்துப் பாதுகாப்பு விதிகளுக்கு முரணானவை அல்ல. சிவகாசியில் வெடி விபத்து நேர்ந்தால் நாடே திரும்பிப் பார்க்கிறது. அதே தொழிலில் மெல்ல மெல்ல ஒடியும் முதுகுகளை யாரும் பார்ப்பதில்லை.

நான்காவதாக, அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கை. தண்டுவடம் சிதைந்தவருக்கு அறுவை என்பது சிகிச்சையின் தொடக்கமே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று, அதற்கென ஒரு நிலையமே வேலூரில் 1966-இல் உருவாகக் காரணமானார். கடற்படைத் தேர்வின்போது 1975-இல் தண்டுவடம் சிதைந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று எத்தனையோ குடும்பங்களுக்கு அது புகலிடம். இந்த இருவரும் தம் துயரத்திலிருந்து நிறுவனங்களை எழுப்பினார்கள். ஆனால் மறுவாழ்வு என்பது தனிமனிதர்களின் மன உறுதியை நம்பியிருக்கக் கூடாது. மாவட்டத்துக்கு ஒரு மறுவாழ்வுப் பிரிவு, அரசின் கடமையாகவே இருக்க வேண்டும்.

இத்துடன் நாம் ஒவ்வொருவரும் கற்க வேண்டியதும் ஒன்றுண்டு. பனையிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடித்துக் கிடத்தாதீர்கள். அசைக்காமல், தலையும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி வைத்து, 108-ஐ அழையுங்கள். முறிந்த எலும்பு தண்டுவடத்தை அறுப்பது சில வேளைகளில் விழும்போது அல்ல; தூக்கும்போது.

சென்ற வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தங்கை வேனுக்காகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். கிணறு வெட்டும் நண்பர் திண்ணையில் அமர்ந்திருந்தார். வேட்டி மடிப்புக்குள் சிறுநீர்ப் பை. "சார், ஒரு நாள் முன்னாடி போயிருந்தா சரியாயிருக்குமா?" என்று கேட்டார். ஆறு நாள் தாமதம் அவர் குற்றமல்ல. அவருக்குச் சொல்ல வேண்டியதை யாரும் சொல்லாமல் விட்டது நம் எல்லோருடைய குற்றம். இந்த முறையும் நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை இன்னொரு வீட்டுத் திண்ணையில் கேட்க நேராமல் தடுக்க, புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே கண்டறிந்ததைக் கிராமம்வரை கொண்டுசேர்த்தால் போதும்.